பதினேழாம் பெட்டி

கரிசல் காட்டில் மழை வருவதற்கு முன்னால் முதலில் போவது செல்போன் சிக்னல். பசுவந்தனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் நான் செல்போனை நம்பாமல் பெட்டிகளை வைத்தேன்.

மொத்தம் நாற்பத்தொரு பெட்டிகள். கம்பத்துக்கு ஒன்று, மேலே சின்ன சோலார் தகடு, ஒரு ஏரியல். கோவில்பட்டியில் என் அறையிலிருந்து கிளம்பும் இடி எச்சரிக்கை ரேடியோ வழியாகப் பெட்டிக்குப் பெட்டி தாவிப் போகும். அடுத்த பெட்டி ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லும்வரை முந்தைய பெட்டி செய்தியைக் கைவிடாது. பூட்டும் உண்டு, மேடம். என் சாவி இல்லாமல் எவரும் பொய் எச்சரிக்கை அனுப்ப முடியாது, வந்ததைத் திருத்தவும் முடியாது. செய்தி வந்ததும் சைரன் அலறும். மில் சங்கு மாதிரி இருப்பதால் ஊரில் அதையும் சங்கு என்றே சொல்கிறார்கள்.

முன்பெல்லாம் களையெடுக்கும் பெண்கள் வானத்தைப் பார்ப்பார்கள். மேற்கே கறுத்தால் கிளம்பிவிடுவார்கள். மூன்று வருடமாகப் பார்ப்பதில்லை. சங்கு ஊதாதவரை குனிந்த தலை நிமிராது. அதை நான் பெருமையோடு கவனித்து வைத்திருந்தேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். பெட்டிகளை வைத்ததற்கும் மற்றதற்கும் காரணம் ஒன்றுதான்.

எங்கள் ஊர் டவர் கிருஷ்ணகுமாரின் புஞ்சையில் நிற்கிறது. நான்கு வருடம் முன்பு ஒரு மாசி மாதம் டவர்க்காரர்களின் லாரி அவருடைய கொத்தமல்லிச் செடிக்குள் ஏறிவிட்டது. இரண்டு பாத்தி நாசம். அவர் டவரை அணைத்து, கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். கம்பெனி ஆள் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இரண்டாம் நாள் பகலில், பருத்தி எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி வள்ளிமயிலைக் கண்ணாடிவிரியன் கடித்தது.

ஆம்புலன்சுக்கு ஏழு முறை அடித்திருக்கிறாள். எனக்கு மூன்று செய்தி. ‘பாம்பு கடிச்சிட்டு.’ ‘வண்டி கொண்டு வாங்க.’ ‘எங்க இருக்கீங்க.’ மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்புக் குறி, ஒன்றும் போகவில்லை. பக்கத்துப் புஞ்சையிலிருந்த சொர்ணத்தாய் மதினிதான் ஓடி வந்து, தோளில் தாங்கி, மெயின் ரோடு வரை இரண்டு மைல் நடத்திக் கூட்டி வந்தார். பஸ் நிறுத்தத்தில் மதினியின் மடியிலேயே உயிர் போயிற்று.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிருஷ்ணகுமாரும் வந்தார். நான் கேட்டேன். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

“ஏலே சுடலராசு, நானால கொன்னேன்? சுவிட்சத்தானல ஆப் பண்ணுனேன். பாம்பு என்ன, என்கிட்ட கேட்டுக்கிட்டா வந்துச்சு?”

சட்டப்படி அது சரி. உங்கள் ஸ்டேஷனிலும் அன்று அப்படித்தான் சொன்னார்கள்.

பிறகு நான் பெட்டிகளைச் செய்தேன். பதினேழாவது பெட்டி அவருடைய புஞ்சையில், அந்த வரிசையில் கடைசி; பதினாறாவதின் சங்கு அவ்வளவு தூரம் கேட்காது. நட்டபோது அவரே வந்து கம்பத்தைப் பிடித்தார். “பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதடே” என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

இந்த ஆடியில் பதினாறாம் பெட்டியில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். அது செய்தியை அடுத்த பெட்டிக்குக் கொடுக்குமுன் காத்திருக்கும் நேரம். இரண்டு விநாடி இருந்தது. நாற்பது நிமிடம் ஆக்கினேன். பிறகு மழைக்குக் காத்திருந்தேன். வேலை நடக்கும் நாட்களில் மூன்று மணிக்கு மேல் அவர் வரப்பில் நிற்பார். புரட்டாசியில் இரண்டு முறை மேகம் திரண்டது; இரண்டு முறையும் அவர் ஊரில் இல்லை. எண்ணை அப்படியே விட்டுவைத்தேன்.

ஐப்பசியில் அன்று காலை நான் கோவில்பட்டி பஸ்ஸுக்கு நின்றேன். களையெடுக்கப் போகிறவர்களின் ஆட்டோ என்னைக் கடந்தது. சொர்ணத்தாய் மதினி தலையை நீட்டிச் சத்தம் போட்டார்.

“கொழுந்தனாரே, இன்னைக்கு நம்ம கிருஷ்ணகுமார் மொதலாளி காட்டுலதான் களை. வானம் ஒரு மாதிரியா இருக்கு. ஒம்ம சங்கு தூங்கிராம பாத்துக்கிடும்!”

“அதெல்லாம் ஊதும் மதினி” என்றேன். ஆட்டோவில் எல்லோரும் சிரித்தார்கள்.

எச்சரிக்கை 3.06க்குப் பதினாறாம் பெட்டியை அடைந்தது. அறையில் திரைக்கு முன்னால்தான் இருந்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் உடனே போய்விடும். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. டீயும் கடலை மிட்டாயும் வந்தன. சாப்பிட்டேன்.

மீதியை உயிர் பிழைத்த தங்கமாரி உங்களிடம் சொல்லிவிட்டாள். இருட்டிக்கொண்டு வந்தபோது அவள் கிளம்பலாம் என்றாளாம். “சங்கு ஊதலையேட்டி, சொடலராசு பெட்டி பொய் சொல்லாது. இந்த ஒரு நெறைக் களையையும் முடிச்சிருவோம்” என்றாராம் மதினி. தூறல் விழுந்ததும் மதினியும் கிருஷ்ணகுமாரும் ஒரே வேப்பமரத்தடிக்குப் போனார்கள். தங்கமாரி சாக்கை எடுக்கத் திரும்பியதால் பிந்திவிட்டாள். இடி விழுந்தது 3.31க்கு. இரண்டு உடல்களையும் வரப்புக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, 3.46க்குச் சங்கு ஊதியிருக்கிறது.

அன்று மாலையே எண்ணை இரண்டு விநாடிக்குத் திருப்பிவிட்டேன். ஆனால் மாற்றியது, திருப்பியது இரண்டும் பதிவில் நிற்கும். அந்தப் பதிவை யாரும், நானும்கூட, அழிக்க முடியாது. அப்படித்தான் செய்து வைத்தேன். உங்கள் ஆட்கள் என்னைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

மதினிக்காக வருத்தப்படுகிறேன். என்னைவிட அதிகமாக அந்தப் பெட்டியை நம்பியவர் அவர்.

கிருஷ்ணகுமார் செய்ததற்கும் நீ செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். இருக்கிறது, மேடம். அவர் இணைப்பையே அணைத்தார். வள்ளிமயிலின் மூன்று செய்திகள் இன்றுவரை எங்கும் போய்ச் சேரவில்லை. நான் எதையும் அணைக்கவில்லை. மதினிக்கு அனுப்பிய எச்சரிக்கை அந்தப் புஞ்சைக்குப் போய்ச் சேர்ந்தது. ‘கிடைத்தது’ என்ற பதில் என்னிடம் இருக்கிறது.