மச்சினன் படத்தில் செய்த திருத்தங்கள்

மனிதர்களுக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. பத்தொன்பது வருஷம் முகங்களைத் திருத்திப் பிழைத்தவன் என்பதால் சொல்கிறேன். உங்களுக்கும் இடது காது ஒரு நூல் இறங்கித்தான் இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் படம் எடுக்க வந்திருந்தால், கேட்காமலே அதைச் சரிசெய்து கொடுத்திருப்பேன். நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள். படம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் தோன்றியிருக்கும்.

மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஸ்டூடியோ. முன்னறையில் முதலாளி படம் எடுப்பார். பின்னறையில், ஏசித் தண்ணீர் சொட்டும் வாளிக்கும் பிரிண்டருக்கும் நடுவே உட்கார்ந்து, அந்தப் படங்களை மனிதர்கள் பார்க்கும்படி ஆக்குவது என் வேலை. பருவை எடுப்பேன். தொப்பையைக் குறைப்பேன். குடும்பப் படத்தில் கண்ணை மூடிவிட்ட அத்தைக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணைத் திறந்துவிடுவேன். ஒரு தடவை, சண்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கே வராத சித்தப்பா ஒருவரைக் கொண்டுபோய் மேடையில் சிரிக்க வைத்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, நான் எப்போதடா சிரித்தேன் என்று ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார்.

அது வயிற்றுக்கு. எனக்கென்று வேறொன்று செய்துகொண்டிருந்தேன். நானே எடுத்த படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, தேவையில்லாததை அழித்து, எங்குமே இல்லாத ஒரு படத்தை உண்டாக்குவது. பழைய கட்டடச் சுவர்மேல் ஓர் உள்ளங்கையின் ரேகைகள், மழைநீர்க் குட்டைக்குள் ஒரு ரயில் நிலையம், இப்படி. ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் உழைத்தேன். ஒன்பது வருஷம் கண்காட்சிகளுக்கு அனுப்பினேன். ஒரே ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது. கண்காட்சிக்கூடம் நடத்தும் அம்மா ஒருவர் எழுதியிருந்தார்: “கைத்திறன் அபாரம். உயிர்தான் இல்லை.” அந்த வரியை அச்செடுத்து மானிட்டருக்குக் கீழே ஒட்டிவைத்தேன். கோபத்தினால் இல்லை. அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்திருந்தது.

மச்சினனைப் பற்றிக் கேட்டீர்கள். என் மனைவிக்கு ஒரே தம்பி. இருபத்தேழு வயது உடம்பு, ஆறு வயதுப் புத்தி. அம்மா இல்லை. எங்களுக்குக் கல்யாணமான ஆறாவது மாதம், மூட்டுவலி தாங்கவில்லை என்று மாமனார் அவனைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் யாருக்கும் அது பெரிய ஏற்பாடாகத் தெரியவில்லை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்வான். கண்ணில் படுகிற துணியையெல்லாம் மடித்துவைப்பான். துண்டு, போர்வை, நான் அணிந்திருக்கும்போதே என் சட்டை நுனி, எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் அவனுக்கு. இருபது முப்பது வார்த்தை பேசுவான். அதில் ஒன்று ‘அத்தான்’. எனக்கு அவன்மேல் வெறுப்பு எதுவும் இருந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் காணாமல் போனதில் என் பங்கு இருபது நிமிஷம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனை முடிவெட்ட அழைத்துப் போனேன். சலூனில் கூட்டம். பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தேன். எதிர்ச் சந்தில் ஒரு கண்ணாடிக் கடைக்கு வண்டியிலிருந்து கண்ணாடிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கண்ணாடியிலும் வானம் ஒரு கோணத்தில் இருந்தது. படம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் பெஞ்சில் அவன் இல்லை. சலூன்காரரின் துண்டுகள் மட்டும் வரிசையாக மடித்து அடுக்கியிருந்தன.

தேடினோம். மத்தியானம் போலீஸில் எழுதிக் கொடுத்தோம். போட்டோ கொண்டுவாங்க, நல்லாத் தெரியிற மாதிரி, என்றார் அங்கே இருந்தவர். அவனுடைய பஸ் பாஸுக்காக நாங்களே எடுத்த படம் ஒன்று ஸ்டூடியோவில் இருந்தது. நேரே அங்கே போய் அதைத் திறந்தேன்.

அவனுக்கு இடது கண் மாறுகண். மோவாயில் ஆழமாக ஒரு தழும்பு, சின்ன வயதில் படியில் விழுந்தது. கீழுதடு ஒரு பக்கம் தொங்கும். தெருவில் பார்த்தால் யாருக்கும் முதலில் தெரிவது இந்த மூன்றும்தான். படத்திலிருந்து மூன்றையும் எடுத்துவிட்டேன். பழக்கம். பத்தொன்பது வருஷம் ஒரே வேலையைச் செய்த கை, மூளையைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை. நோட்டீஸில் என் கைபேசி எண்ணைப் போட்டு அறுநூறு பிரதிகள் அச்சடித்தோம்.

என் மனைவி நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “எவ்வளவு லட்சணமா இருக்கான் பாருங்க என் தம்பி,” என்றாள். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கு எந்தப் படமும் போதும். மிச்சத்தை அவர்களே போட்டு நிரப்பிக்கொள்வார்கள். படம் சரியாக இருக்க வேண்டியது தெரியாதவர்களுக்குத்தான்.

மாமனார் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “மாப்ள, இதுல கண்ணு நேரா இருக்கே.”

“வெளிச்சத்தப் பாக்கறப்ப சில நேரம் நேரா வரும் மாமா.”

“அப்படியா,” என்றார். அப்புறம், “வரும், வரும்,” என்று அவரே தலையாட்டிக்கொண்டார். அந்தக் கண் ஒருநாளாவது நேராகாதா என்று இருபத்தேழு வருஷம் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். நான் அவருக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியிருந்ததைச் சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது என் மனைவி பால்கனியில் நின்றிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவின் இரண்டு கோடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவை எடுத்து உள்ளறையிலிருந்தே ஒரு படம் எடுத்தேன். அவள் திரும்பவில்லை. அதன் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் அங்கேதான் நின்றாள். நான் தினமும் எடுத்தேன். நாற்பத்து மூன்று நாள் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். உடம்பு நாற்பத்து மூன்று இடத்தில் நின்றதால் புகைபோலக் கரைந்துவிட்டது. முகமும் கரைந்துவிட்டது. கம்பியைப் பிடித்த கை மட்டும் ஒரே இடத்தில் இருந்ததால் கல் மாதிரி தெளிவாக நின்றது. அதை நான் திட்டமிடவில்லை. தானாக வந்தது.

கண்காட்சிக்கூடத்து அம்மாவுக்கு அனுப்பினேன். மறுநாளே போன் செய்தார். “முன்னாடி நீங்க அனுப்பினதெல்லாம் சாமர்த்தியம். இது வேற. இவங்க நடிக்கலை, இல்ல?”

“இல்லை.”

“இன்னும் ஆறு இருந்தா ஒரு தனிக் கண்காட்சியே வைக்கலாம். ஆனா இந்தக் கை மாறக்கூடாது. இதே காத்திருப்பு இருக்கணும்.”

அவர்மேல் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு விஷயம் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏழாவது மாதம் ஒரு மதியம், மூன்று மணிநேர பஸ் பயணத் தூரத்திலிருக்கும் ஒரு காப்பகத்தின் வார்டன் கூப்பிட்டார். “சார், உங்க நோட்டீஸ் பழைய பேப்பர்ல கெடச்சுது. எங்ககிட்ட ஒருத்தன் இருக்கான். சாடை கொஞ்சம் இருக்கு, ஆனா இவனுக்கு மாறுகண்ணு, தாடையில தழும்பு. உங்க படத்துல அதெல்லாம் இல்ல. அதனாலதான் நானும் யோசிச்சேன். ஆனா வயசு சரியா இருக்கு. எல்லார் போர்வையையும் இவனே மடிக்கிறான் சார்.”

போகாமலே இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் போனேன். அது என் மனசாட்சிக்கு அத்தாட்சி என்று நினைக்கிறேன்.

பெரிய இரும்புக் கேட். உள்ளே முற்றத்தில் கோடுபோட்ட சட்டையில் பத்துப் பதினைந்து பேர். அவன் ஒரு திண்டில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் துண்டைக் கீழே வைக்காமலே ஓடி வந்து கம்பிக்குள் முகத்தை வைத்து, “அத்தான், அத்தான், போலாம்,” என்றான். மேகத்துக்குள்ளிருந்து அப்போதுதான் வெயில் வந்தது. கம்பியின் நிழல் அவன் முகத்தில் சரியாக அந்த மாறுகண்ணின் மேல் விழுந்தது. நான் நான்கு படம் எடுத்தேன். பிறகு வார்டனிடம், “இவன் இல்லைங்க,” என்றேன்.

“உங்கள அத்தான்னு கூப்பிடறானே?”

“இவங்கெல்லாம் யாரைப் பாத்தாலும் ஏதாவது முறை வச்சுக் கூப்பிடுவாங்க. எங்க பையனும் அப்படித்தான்.”

அதிலிருந்து நான்காவது வாரம் கண்காட்சி. அது முடிந்ததும் வந்து கூட்டிப் போய்விடலாம் என்றிருந்தேன். நாட்காட்டியில் தேதியைக் குறித்தும் வைத்திருந்தேன். அங்கே அவனுக்கு மூன்று வேளை சாப்பாடு இருந்தது, படுக்க இடம் இருந்தது. ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும். அடுத்த வாரமே மழை பிடித்ததும், அவனுக்குச் சளி நெஞ்சில் கட்டியதும், பத்தே நாளில் போய்விட்டதும் எனக்கு எப்படித் தெரியும். எங்கள் பையன் இல்லை என்று சொன்னவனுக்கு வார்டன் ஏன் போன் செய்யப்போகிறார்.

கண்காட்சி நன்றாக நடந்தது. ஏழாவது படம்தான் நடுச் சுவரில். எங்கள் பால்கனிக் கம்பியையும் காப்பகத்துக் கேட்டையும் ஒன்றாக்கி, இந்தப் பக்கம் அவள் கை, அந்தப் பக்கம் அவன் முகம். அவன் முகத்தை நான் தொடவில்லை. மாறுகண், தழும்பு, தொங்கும் உதடு எல்லாம் இருந்தபடியே. நோட்டீஸுக்கு எப்படியோ, சுவரில் மாட்டுவதற்கு உண்மையான முகம்தான் வேண்டும். பழைய படங்களிலிருந்து செய்தேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் அதன் முன்னால் நின்று, “இதுலதாங்க அவன் அவனா இருக்கான்,” என்று சொல்லி அழுதாள். சுற்றி நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒன்பது வருஷம் நான் காத்திருந்தது அந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்குத்தான்.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. அதற்கு மறுநாள் காலை பதினோரு மணிக்கு வார்டன் பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். நேரே ஏழாவது படத்துக்குப் போனார். என் மனைவி அங்கேதான் நின்றிருந்தாள்.

“இது எங்க கேட்டும்மா,” என்றார் அவளிடம். “இந்தச் சட்டை நாங்க குடுத்தது. யாரும்மா இவன் உங்களுக்கு?”

“என் தம்பி.”

அவர் கையிலிருந்த பத்திரிகையை இன்னொரு மடி மடித்தார். அப்புறம்தான் அவனை அடக்கம் செய்த தேதியைச் சொன்னார். என் பக்கம் திரும்பி, “நீங்கதானே சார் வந்து இவன் இல்லைன்னீங்க,” என்றார். குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பவர் மாதிரி கேட்டார்.

என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. வார்டனிடம் கேட்டாள்: “இவரைப் பாத்து ஏதாவது சொன்னானா?”

“அத்தான்னான். போலாம்னான். எல்லாரையும் அப்படிக் கூப்பிடுவாங்கன்னு சார் சொன்னாரு. அதுக்கப்புறம் நான் கவனிச்சேம்மா. எங்க யாரையும் அவன் அப்படிக் கூப்பிடல. தெனம் காலைல துண்டை மடிச்சு எடுத்துக்கிட்டு கேட்டாண்ட போய் நிப்பான். மழையிலயும் நின்னான். இழுத்துட்டு வர்றதே எங்களுக்கு வேலையாப் போச்சு.”

அவள் அங்கிருந்து நடந்தே இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். அது நான்கு கிலோமீட்டர் இருக்கும்.

நீங்கள் என் கணினியைப் பிரித்துப் பார்த்துவிட்டீர்கள் என்பது தெரிகிறது. முன்னால் வைத்திருக்கும் தாளில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் நேரங்கள் இருக்கின்றன. பால்கனியில் எடுத்த முதல் படம், ஒன்று ஐம்பது. மச்சினனின் படத்தைத் திருத்திச் சேமித்தது, நான்கு முப்பது. சரிதான். நேரே ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. முதலில் வீட்டுக்குத்தான் போனேன். அவள் நிற்பதைப் பார்த்தேன், எடுத்தேன், கேமராவின் பின்பக்கத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். உயிர் இருந்தது. அதற்கப்புறம்தான் ஸ்டூடியோவுக்குப் போய் அவன் முகத்தைத் திறந்தேன்.

பழக்கத்தில் செய்தால் ஒரு பாஸ்போர்ட் படத்துக்குப் பத்து நிமிஷம் போதும். இதற்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அவனுக்கு வைத்த இடது கண், முந்தின மாதம் படம் எடுத்துக்கொண்ட ஒரு கல்யாண மாப்பிள்ளையுடையது. நிறம் பொருந்த நாலைந்து பேர் கண்ணைப் போட்டுப் பார்த்தேன். வீட்டார் கண்டுபிடிக்கக் கூடாது, வெளியார் கண்டுபிடித்துவிடக் கூடாது, இரண்டும் ஒரே படத்தில் வேண்டும். நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். அந்த வேலையை யாரும் பாராட்டியதில்லை. அவன் திரும்பி வரக்கூடாது என்று செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

அவளிடம் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்கள். மன்னிப்பு கேட்டால் நம்பமாட்டாள். இந்தக் கதவுக் கண்ணாடி வழியாக அவள் எனக்குத் தெரிகிறாள். காலையிலிருந்து அந்த பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தலைக்கு நேர் மேலே டியூப்லைட் எரிகிறது, அது முகத்தைத் தட்டையாக்கிவிடும். ஜன்னலோரமாக ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். நாலு மணிக்கு வெயில் இடது பக்கமாக வரும்.