மூச்சு விடும் பக்கங்கள்

“உங்க ரெண்டு பேர்ல யாரு பேசப் போறீங்க?”

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் தகவல்தொடர்பு மிஸ் எங்களிடம் கேட்ட கேள்வி இது. நானும் என் சித்தி மகளும் சேர்ந்து ஒரு பேக்கரிக்கு லோகோ செய்திருந்தோம். வரைந்தது அவள். “நான்தான் மிஸ்” என்றேன். படிப்பு முடியும்வரை அந்தப் பதில் மாறவில்லை. துறைத்தலைவர் மேடம் என்னைக் கூப்பிட்டு விசாரித்தபோதும் இங்கிருந்துதான் தொடங்கினேன். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவளுக்குத் திக்கும். வார்த்தை தொண்டைவரை வந்து நின்றுகொள்ளும். உதடு துடிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். பார்க்கிறவர்களுக்குச் சங்கடம். அதனால் சின்ன வயதிலிருந்தே அவள் ஆரம்பிப்பதை நான் முடித்து வைப்பேன். “எ… எ…” என்று அவள் தொடங்கும்போதே, “அவளுக்கு டீ வேண்டாமாம்” என்று சொல்லிவிடுவேன். சில சமயம் அவளுக்கு டீ வேண்டியிருந்திருக்கும். அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

என் அம்மா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு போனபோது சித்திதான் என்னை அழைத்து வந்தாள். “இவளுக்கு ஒரு துணை வேணும்டி. நீ கூடவே இரு” என்றாள். இருந்தேன். ஒரே அறை, ஒரே படிப்பு, ஒரே மேசை. டிஜிட்டல் வடிவமைப்பு அவளுக்கு வந்தது. தொழில்முறைப் பேச்சும் எழுத்தும் எனக்கு வந்தன. வகுப்பில் எனக்கு ஸ்பீக்கர் என்றும் அவளுக்கு மியூட் என்றும் பெயர் வைத்தார்கள். “ஸ்பீக்கரை ஆன் பண்ணுங்கப்பா, மியூட் ஏதோ சொல்லணுமாம்” என்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வாள்.

அவள் வேலை நன்றாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. நான் கொட்டி வைத்திருக்கும் வண்ணங்களில் பாதியை எடுத்துவிட்டு, “இ… இப்ப பாருக்கா” என்பாள். பக்கம் பளிச்சென்று ஆகிவிடும். எனக்கு எதைச் சேர்ப்பது என்று தெரியும். எதை எடுப்பது என்று அவளுக்குத்தான் தெரியும். அதை நான் அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

கடைசி வருடம் எல்லோரும் தனித்தனியாகச் செய்து, தனித்தனியாக மேடையில் பேச வேண்டும் என்றார்கள். ஒரு வடிவமைப்பு நிறுவனத்தார் வந்து பார்த்து, பிடித்தவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். அவள் ஒரு மருத்துவமனைக்கு வழிகாட்டிப் பலகைகள் வடிவமைத்தாள். உள்ளே வருகிற நோயாளி யாரிடமும் வாய் திறந்து வழி கேட்காமலே போக வேண்டிய இடத்துக்குப் போய்விட வேண்டும். அதுதான் அவள் யோசனை.

பேசுவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நடுவில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றை வைத்தாள். திரை வெள்ளையானதும் பேச்சை நிறுத்துவாள். வயிறுவரை மூச்சை இழுப்பாள். பிறகு பொத்தானை அழுத்தி, அடுத்த படம் வந்ததும் முதல் வார்த்தையை மெல்ல எடுத்து வைப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது ஓர் அழகாகத்தான் தெரிந்தது. ஒத்திகையில் வடிவமைப்பு சார்கூட, “அந்த இடைவெளி பிரமாதம்மா” என்றார்.

எங்கள் அறையில் கட்டிலில் நான் உட்கார்ந்துகொள்வேன். அவள் அலமாரிக்கு முன்னால் நின்று பேசிப் பழகுவாள். ஒருநாள் தொடக்கம் முதல் முடிவுவரை திக்காமல் பேசிவிட்டாள். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, நான் பேசிட்டேன்.”

அதிலும் திக்கவில்லை. நன்றாக இருந்தது, வேகம்தான் கொஞ்சம் கூடுதல் என்றேன். வேகம் கூடுதலாக இல்லை.

அன்று சாயங்காலம் சித்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “இனிமே அவளே சமாளிச்சுக்குவாடி. வேலை கிடைச்சா ஆபீஸ் பக்கத்துலயே தனியா ரூம் எடுத்துக்கறாளாம். நீயும் எவ்வளவு நாள்தான் அவ வாலைப் பிடிச்சிட்டே இருப்பே? உன் வழியைப் பாரு.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். என் வழி எது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மிச்ச வெங்காயத்தை வாங்கி நறுக்கிக் கொடுத்தேன்.

எல்லோருடைய கோப்புகளையும் அரங்கத்துக் கணினியில் முன்கூட்டியே ஏற்றிவைப்பது எங்கள் துறை வழக்கம். ஏற்றிய பிறகு மேடையில்தான் திறப்போம். “நீ போய் முகம் கழுவிட்டு வா, நான் ஏத்திடறேன்” என்றேன்.

“நீ இ… இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்க்கா” என்றாள்.

ஆய்வகத்தில் உட்கார்ந்து வெள்ளைப் பக்கங்களை நீக்கினேன். படங்கள் தாமாகவே நகரும்படி வைத்தேன். பொத்தானைப் பிடித்தால் அவளுக்குக் கை நடுங்கும், அந்தக் கஷ்டம் எதற்கு. அவள் செய்த ஒரு படத்தைக்கூட நான் தொடவில்லை. என் பெயரில் நுழைந்துதான் செய்தேன். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கோப்பில் பதிவாகும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? ஒளித்துச் செய்கிறவள் அப்படிச் செய்வாளா?

மேடையில் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். முதல் படம் முடிந்ததும் மூச்சை இழுத்துத் திரையைப் பார்த்தாள். வெள்ளை வரவில்லை. அடுத்த படம் வந்தது. கையிலிருந்த பொத்தானை அழுத்தினாள். அதற்கும் அடுத்தது வந்தது. “ம… ம… ம…” அந்த எழுத்திலேயே நின்றாள். அவள் வரைந்த அம்புக்குறிகள் அவளுக்குப் பின்னால் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தன. பின்வரிசையில் ஒருவன், “மியூட் ஆயிடுச்சுடா” என்றான். சிலர் சிரித்தார்கள். பார்க்க வந்திருந்த சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் காத்திருந்தேன். கேட்பதற்கு முன்னால் ஓடிப்போய்ச் செய்கிற உதவிக்கு மதிப்பில்லை. கூட்டத்தில் அவள் கண்கள் என்னைத் தேடின, கண்டுபிடித்தன. அதன் பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன். அவள் முகமெல்லாம் கண்ணீரில் நனைந்த பிறகு மேடையேறி, அவள் கையிலிருந்து மைக்கை வாங்கி, மிச்சத்தை நான் பேசினேன். எத்தனை முறை கேட்டிருக்கிறேன்; ஒரு வார்த்தை தவறவில்லை. கைதட்டல் ஓய நேரமானது. நிறுவனத்தார் என்னைத்தான் வேலைக்கு அழைத்தார்கள். நான் கேட்கவில்லை. “நீ மட்டும் இல்லன்னா இவ கதி என்ன ஆகியிருக்கும்” என்று சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் வாய் திறப்பதே இல்லை. அவளுக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதை நான்தான் சொல்கிறேன். என் வழியைப் பார்க்கும்படி இப்போது யாரும் சொல்வதில்லை.

வெள்ளைப் பக்கங்கள் காணாமல் போனதைக் கவனித்தவர் வடிவமைப்பு சார்தான். மேடம் கூப்பிட்டுக் காட்டிய கணினித் திரையில் என் பெயர் இருந்தது. ஆமாம், நான்தான் செய்தேன் என்றேன். தனியாக வேலைக்குப் போனால் வெளியுலகம் அவளைப் பார்த்துத் தினமும் சிரிக்கும். அதைவிட நம் அரங்கத்தில், என் கண் முன்னால், ஒரே தடவையாக முடிந்துபோவது நல்லது என்றேன். அவள்மேல் எனக்கு இருக்கும் பாசம் வேறு யாருக்கும் இல்லை என்றும் சொன்னேன்.

மேடம் கதவோரம் உட்கார்ந்திருந்த அவள் பக்கம் திரும்பினார்.

“நீ ஏதாவது சொல்லணுமாம்மா?”

அவள் எழுந்தாள். வயிறுவரை மூச்சை இழுத்தாள்.

“அவளுக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல மேடம்” என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்தாள். இழுத்த மூச்சை மெல்ல விட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.