கைக்கு அடக்கமான பெட்டி

வாடகை வீட்டுக்கு நெட் எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். நான் சுவரைப் பார்த்தேன். நாங்கள் குடிவந்தது தரைத்தளத்தில், பின்பக்க வீடு. சன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். லேண்ட்லைன் கிடையாது. முன்பு இருந்தவர்கள் காலத்திலேயே அறுத்துவிட்டார்களாம். கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பிளக் மட்டும் மூடியில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. செல்போனிலும் சிக்னல் சுத்தமாக இல்லை. நீங்கள் கேட்டது வேறு, தெரிகிறது ஐயா. ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

வீட்டில் நானும் தங்கையும் மட்டும். அவளுக்கு முப்பத்தாறு வயது, எனக்கு ஐம்பத்திரண்டு. அம்மா போனபோது அவளுக்கு நான்கு வயது. அப்போதிருந்து பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். நரைமுடி எட்டிப் பார்த்த பிறகும் பாப்பாதான். பிறந்ததிலிருந்து அவளுக்கு மூச்சிரைப்பு. தூசி ஆகாது, படியேறக் கூடாது. நான் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போனதே அவளுக்காகத்தான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது பொய்யில்லை.

அவள் வீட்டில் உட்கார்ந்தபடியே பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவாள். அதற்கு நெட் வேண்டும். ஒரு நோட்டை எடுத்து கோடு போட்டு எழுதினேன். கம்பி இழுத்துத் தரும் இணைப்புக்கு லேண்ட்லைன் தேவையில்லை, ஆனால் சுவரில் ஓட்டை போட வேண்டும், வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். சன்னலுக்கு வெளியே மாட்டும் ஆண்டெனா ஒன்று உண்டு. எதிரே சுவர் இருந்ததால் அந்தப் பேச்சே எடுபடவில்லை. கடைசியாக, சிம் போட்ட சின்னப் பெட்டி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். எங்கள் போன் கம்பெனியின் டவர் எட்டாத வீட்டில் வேறொரு கம்பெனியின் டவர் சமையலறைச் சன்னல் வழியாக எட்டியது. பெட்டியை அங்கே வைத்தால் வீடு முழுக்க நெட். ஓட்டை வேண்டாம், ஆள் வர வேண்டாம், கையோடு எடுத்துப் போகலாம். கையோடு எடுத்துப் போகலாம் என்பதற்குக் கீழே நான் இரண்டு கோடு போட்டேன். அந்த நோட்டு இப்போது உங்களிடம் இருக்கிறது.

பாப்பாவுக்குக் கம்பி இணைப்பின் மேல்தான் ஆசை. "வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்க்கா" என்றாள்.

"கேட்டாச்சு. ஆணியே அடிக்கக் கூடாதுங்கிறாரு. ஓட்டைக்கு எங்க விடப் போறாரு?" என்றேன்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. நான் சொன்னால் அவளுக்கு அது வேதவாக்கு. அப்படித்தான் வளர்த்திருந்தேன்.

பெட்டிக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு. பகலெல்லாம் ஓடவிட்டால் பாதி மாதத்தில் தீர்ந்துவிடும் என்று சொல்லி, காலையில் வேலைக்குப் போகும்போது அதைக் கைப்பையில் போட்டுக்கொள்வேன். "சோத்து டப்பாவும் நெட்டு டப்பாவும் ஜோடியா வேலைக்குப் போகுது. நான் ஒருத்திதான் வீட்டுல தண்டமா உக்காந்திருக்கேன்" என்று சிரிப்பாள். பகலில் திருத்தி வைப்பதைச் சாயங்காலம் நான் வந்த பிறகு அனுப்புவாள். என் சாவிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்துவிடுவாள். பெட்டிக்காகத்தான் வந்தாள், அது தெரியாத மடச்சி இல்லை நான். ஆனாலும் வந்தாளே. அந்த எட்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பகலில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டாள். நாலாவது மாடிப் படிக்கட்டுச் சன்னலுக்குப் பக்கத்தில் நம் போன் எடுக்கிறது, லிஃப்டில் போய் எனக்குப் போடு என்றேன். எங்கள் வீட்டில் அது பழைய சட்டம். எதுவானாலும் முதலில் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் விழுந்து நெற்றி கிழிந்தபோது கூட, அக்கா வரட்டும் என்று டீச்சரைத் தொடவிடாமல் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தவள் அவள். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

போன மாதம் மேசையைத் துடைக்கும்போது அவள் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. படித்தேன். பதிப்பகத்திலிருந்து வந்த கடிதம். வேறு ஊரில் தலைமை அலுவலகம், நிரந்தர வேலை, தங்க அறையும் அவர்களே தருகிறார்கள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் ஒரு நேர்காணல், வெறும் சம்பிரதாயத்துக்கு என்று போட்டிருந்தது. பாப்பா என்னிடம் மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை சாப்பிடும்போது, "அக்கா, நாளைக்கு ஒரு நாள் பெட்டிய வச்சிட்டுப் போறியா?" என்றாள்.

"ஏன் பாப்பா?"

"பெரிய ஃபைல் ஒண்ணு அனுப்பணும். காலையிலேயே கேக்குறாங்க."

"அதுக்கென்ன, வச்சிட்டுப் போறேன்."

அவள் என்னிடம் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. முகத்தைப் பார்த்துச் சொன்னாள். தண்ணீர் குடித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

மறுநாள் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கைப்பழக்கத்தில் எடுத்துவிட்டேன் என்று உங்களிடம் முதல் நாள் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள் ஐயா. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் சார்ஜரிலிருந்து கழற்றி, ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், சனிக்கிழமை வரை லிஃப்ட் ஓடாது, படிக்கட்டில் சுவர் சுரண்டும் வேலை நடக்கிறது என்று எங்கள் கதவுக்குப் பக்கத்திலேயே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். திங்கட்கிழமையே படித்திருந்தேன்.

வீட்டுக்காரரை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அவர் சொல்வது உண்மைதான். "ஒரு ஓட்டைதானேம்மா, காலி பண்ணும்போது அடைச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றார். மறுக்கவே இல்லை. நல்ல மனுஷன், அவரை அலைக்கழிக்க வேண்டாம்.

பாப்பா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். வளர்த்தவளுக்குத் தெரியாதா? பெட்டியைத் தேடுவாள், அக்கா மறந்துவிட்டாள் என்று நினைப்பாள், போனை எடுத்துக்கொண்டு மேலே ஏறுவாள். அந்தத் தூசியில், நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில், நல்ல சேலை கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறாள். இன்ஹேலரும் கையில் இருந்தது. அதன் பின்பக்கம் இன்னும் எத்தனை தடவை இழுக்கலாம் என்று எண் காட்டும். அவளைக் கண்டெடுத்தபோது அது பூஜ்யத்தில் இருந்தது என்று சொன்னீர்கள். புதியது கடையிலிருந்து எடுத்து வந்து நான்கு நாளாக என் கைப்பையில் கிடந்தது, பெட்டிக்குப் பக்கத்திலேயே. அதைக் கொடுக்காதது மட்டும் நிஜமாகவே மறதி. இதையாவது நம்புங்கள்.

பத்து ஐம்பத்திரண்டுக்குப் போன் வந்தது. நான் கண் சொட்டு மருந்து கேட்டு வந்த பெரியவருக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். எடுத்ததும் முதலில் இரைப்புதான் கேட்டது. பிறகு, "அக்கா... முடியல... நாலாவது மாடி" என்றாள்.

"உக்காரு. அசையாத" என்றேன். "ஆம்புலன்சுக்கு நான் சொல்றேன். நீ வேற யாருக்கும் போடாத. லைனை மட்டும் கட் பண்ணிடாத, என்ன?"

"சரிக்கா" என்றாள்.

அவள் கட் பண்ணவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். பெயின்டர்கள் அப்போது டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் வைத்துக்கொண்டு பெரியவருக்குச் சில்லறை கொடுத்தேன். மூடியை எப்படித் திறக்க வேண்டும் என்று காட்டினேன். அடுத்து வந்த அம்மாவுக்கு மாத்திரை எண்ணிக் கவரில் போட்டு, காலை இரவு என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் கடைக்கு எதிரேதான் ஆம்புலன்ஸ் நிற்கும். அதன் டிரைவர் தினமும் எங்களிடம்தான் இருமல் மிட்டாய் வாங்குவார். அன்றைக்கும் வண்டி அங்கேதான் நின்றது. அவர் முன்சீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எங்கள் வீடு அங்கிருந்து வண்டியில் மூன்று நிமிஷம்.

நடுவில் இரண்டு தடவை அக்கா என்றாள். இருக்கேன் பாப்பா என்றேன். நான் இருந்தேன், அது பொய்யில்லை. பிறகு அவள் பேசவில்லை. அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு வாளி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்பது நிமிஷம் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. எனக்கு அவ்வளவு நேரமாகத் தெரியவில்லை.

பெட்டி இப்போது சமையலறைச் சன்னலில்தான் இருக்கிறது. நான் எங்கேயும் எடுத்துப் போவதில்லை. நாள் முழுக்கப் பச்சை விளக்கு எரிகிறது.

எதிரே நின்ற வண்டியை ஏன் கூப்பிடவில்லை என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். யோசித்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை ஐயா. கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள். பிழைத்திருந்தால் என்னை விட்டுப் போயிருப்பாள்.