லேசா இருந்தா இங்க, கனத்தா அங்க

சீ முவாங் கோயில் எங்கயும் ஓடிப்போயிடாது, நொய். இப்பத்தான வந்து உக்காந்தோம். இந்த நெழல விட்டு எந்திரிச்சா மண்ட பொளந்துடும். அங்க பாரு, தாத் லுவாங் கோபுரம் பூரா தங்கமா மின்னுது, கண்ணத் தொறக்க முடியுதா? வெறுங்காலோட அந்தக் கல்லுல ஒரு சுத்து போயிட்டு வந்து ஆடுனியே ஒரு ஆட்டம். மெல்போர்ன் உன் காலையும் கெடுத்து வச்சிருக்கு. உக்காரு, கொஞ்சம் ஆறட்டும்.

தெரியும்டா, தெரியும். காலையிலேருந்து இதத்தான சொல்லிக்கிட்டு இருக்க. வேண்டுதல் பலிச்சிருச்சு, வாழப்பழமும் எளநியும் வாங்கியாச்சு, கொண்டுபோய் வச்சுட்டு வந்துடணும். நான்தான் மொதல்ல சீ சகேத் கோயிலுக்குப் போகலாம்னேன். அங்க சுவத்துப் பொந்துல உக்காந்திருக்க குட்டி புத்தரையெல்லாம் நீ ஒண்ணு விடாம போட்டோ புடிச்ச. அப்புறம் ஆத்தங்கரை. மேகாங்ல தண்ணி எங்க இருக்கு இப்ப, வெறும் மணலு. அதையும் பாத்தோம். அப்புறம் இங்க. ஆமா, வேணும்னுதான் சுத்திக்கிட்டு இருக்கேன்னு வையேன். சாயங்காலம் ப்ளேன் ஏறிட்டா நீ எப்ப வருவியோ.

அது சரி, வேண்டுனது நீதான். இல்லேன்னு யாரு சொன்னா? போன புதுவருசத்துக்கு போன்லேயே வேண்டுன. அம்மா எங்கூட வரணும், வந்தா பழம் வைக்கிறேன்னு நீ அங்கேருந்து கத்துற, நான் செல்போனத் தூக்கி சாமி மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்கிறேன். பூக்காரி புவாலா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. உன் தம்பிக்கு சாமி மிஸ்டு கால் குடுத்தாரான்னு கேக்குறா.

அம்மா பிடிவாதம் உனக்குத் தெரியாததா? எத்தன தடவ கேட்டிருப்ப. அங்க குளிரு, அங்க ஒட்டரிசிச் சோத்தக் கையில உருட்டித் தின்னா மருமக என்ன நெனைப்பா, இப்படி ஏதாவது ஒண்ணு. ஆனா அதெல்லாம் வாய்க்கு வந்தது. மனசுல இருந்தது வேற. அப்பா எலும்ப வச்சுக் கட்டுன குட்டி கோபுரம், அந்த தாத், நம்ம கோயில் மதில் ஓரமா இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல தனக்கும் எடம் சொல்லி வச்சிருக்கா. அங்க போய்ச் செத்தா வருசா வருசம் விடியறதுக்கு முன்னாடி எனக்கு யாருடி சோத்துப் பொட்டலம் வைப்பா, பசியோட அலையணுமான்னு என்னயத்தான் கேட்டா.

எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். அவளுக்குக் கால் விழுந்ததுலேருந்து ராத்திரி கண்ண மூடுனா கூப்புடுவா. சந்தலா, திருப்பிப் படுக்க வை. சந்தலா, தண்ணி. சந்தலா, ஒண்ணுமில்ல, முழிச்சிருக்கியான்னு பாத்தேன். குளிப்பாட்டத் தூக்கணும், கொல்லைக்குத் தூக்கணும், வெயிலு வந்தா நெழலுக்குத் தூக்கணும். சந்தையில துணிக்கட வச்சிருந்தேனே, அது போச்சு. அவ மேல கோவமெல்லாம் இல்லடா. அவ என்ன பண்ணுவா பாவம்.

அதான், போன வாரம் அவளே சொன்னா. என்னய சீ முவாங் கூட்டிட்டுப் போ, சாமியே சொல்லட்டும்னு. நான் தூக்கிட்டுப் போய், மனசுல உள்ளதக் கேட்டுட்டுத் தூக்கிப் பாப்பாங்களே, அந்த புத்தரு உக்காந்திருக்க மெத்தைக்கு முன்னாடி உக்கார வச்சேன். அந்தச் சின்ன புத்தரத் தூக்க அவளுக்கு ஏது தெம்பு? சோத்துக் கூடையத் தூக்கவே கை நடுங்குது. நீ தூக்குன்னா. என் மணிக்கட்டு மேல கைய வச்சுக்கிட்டா. எம்புருசன் பக்கத்துலயே நான் இருக்கணும்னா நீ லேசாயிரு சாமி, பிள்ள கூடப் போகணும்னா கனத்துப் போன்னு வாய் விட்டே கேட்டா. மூணு தரம் கேட்டா, மூணு தரமும் புத்தரு எழும்பல.

அழுகல. அழுதிருந்தா கூடத் தேவலாம். சரின்னா, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் சோத்துக் கூடையத் தொடச்சு, அதையும் பெட்டியில வைக்கச் சொன்னா. நேத்து ராத்திரி எல்லாரும் அவ கையில வெள்ள நூல் கட்டி வழியனுப்புனப்பக் கூட அப்பா படத்தத் திரும்பிப் பாக்கல, கவனிச்சியா? எங்க கவனிச்ச, நீதான் சந்தோசத்துல குதிச்சுக்கிட்டு இருந்தியே.

ஏன் சிரிக்கிற? ஆமா, தெனமும் அம்மாவத் தூக்குற கைதான் இது. ஆமாடா, அந்த புத்தரு ஒரு பச்சப்புள்ள கனம் கூட இருக்க மாட்டாரு. நீ கேட்டுட்ட. அங்க இருந்தவங்க ஒருத்தருக்கும் கேக்கத் தோணல.

மொதத் தடவ கை வச்சதுமே எழும்புச்சு, நொய். பூவாட்டம். நான்தான் அமுக்குனேன். அவ விரலு என் மணிக்கட்டு மேலயே இருக்கு, நான் பல்லக் கடிச்சு முக்குற மாதிரி முக்கிக்கிட்டு, உள்ளுக்குள்ள கீழ அமுக்குறேன். மூணு தரமும். முடியலம்மான்னு சொன்னேன்.

அது ஒண்ணுதான் பொய்யில்ல. முடியலடா.

அப்படிப் பாக்காத. கூட்டிட்டுப் போறியோ, விட்டுட்டுப் போறியோ, நீயே சொல்லு. வீட்டுக்குப் போறதுக்குள்ள சொல்லிடு. நீ எது சொன்னாலும் நான் எதுத்துப் பேச மாட்டேன். சீ முவாங்குக்கு மட்டும் போக வேணாம், அவரு உனக்கு ஒண்ணும் குடுக்கல.

அந்தப் பையிலேருந்து ஒரு வாழப்பழம் எடு. காலையிலேருந்து நான் ஒண்ணும் சாப்பிடல.