உம்மாட குடி

கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் காத்தான்குடிப் பெண்கள் இருவர். மூத்தவர் வாவியைப் பார்த்தபடி சொன்னார்:

“நம்மட குடியில, நம்மட வம்சத்தில ஒரு ஆள் சிரியாக் கேம்புக்குள்ள இரிக்கா. அஞ்சு வயசு.”

“ராத்தா, மெல்லமாப் பேசுங்க,” என்றார் இளையவர்.

“என்ட மகள்ற புள்ளதானே. மருமகன் அங்க சண்டையில மவுத்தாயிட்டான். மகளும் அந்தக் கேம்பிலதான். ரெண்டு பேரையும் அரசாங்கம் கூட்டிக்கிட்டு வரட்டுமே.”

“இங்க சேர்ச்சுகள்ல குண்டு வெடிச்ச பிறகு நாம பட்டது போதாதா? பர்தாவோட பஸ்ஸில ஏற ஏலாமக் கிடந்தோம். உங்கட மகள் விரும்பித்தானே புருசனோட போனா?”

“ஓம். அவள விசாரிக்கட்டும், மறியல்ல அடைக்கட்டும். நான் மறிக்கல்ல. புள்ள என்ன செஞ்சிச்சு?”

“தீவிரவாதிட புள்ள எண்டுதான் சனம் சொல்லும்.”

“நம்மட ஊருல புள்ள எப்ப வாப்பாட குடிக்குப் போன? உம்மாட குடிதானே புள்ளைக்கும். அப்ப அது நம்மட புள்ள.”

பாலம் கடந்து பஸ் வேகமெடுத்தது.

“அரசாங்கத்துட்டக் கேக்க எனக்குப் பயமில்ல,” என்றார் மூத்தவர். “பள்ளிவாசல்ல நம்மட குடிக்குப் பேசுற மரைக்காயர் உன்ட கூடப்பொறந்த காக்காதானே. அவரிட்டக் கேக்கத்தான் பயம். அந்தப் புள்ளைக்காக நீ ஒரு சொல்லுச் சொல்லுவியா?”

இளையவர் எழுந்து மணியை அடித்தார்.

மூத்தவர் அவர் கையைப் பிடித்தார்.

“இரு புள்ள. நாம இறங்கிற இடம் இன்னும் வரல்ல.”