பேர் கூப்பிடும் நாள்

“நம்ம ஆளுக்க முட்டு போச்சுடே. இனி கலாஸ்.”

அஜ்மானிலிருந்து துபாய் போகும் காலைப் பேருந்தில், முன்சீட்டு நாகர்கோவில்காரர் இப்படிச் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. கட்டிட சைட்டில் யாருக்கோ விபத்து என்று நினைத்தேன். அவர் போனில் ஓடிய அமெரிக்கக் கூடைப்பந்து பிளேஆஃபில் ஒரு வீரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் கேட்டார்: “அதை விடுங்கோ அண்ணை. உங்கட அமெரிக்கன் ஃபுட்பால் டிராஃப்ட் முடிஞ்சுதோ?”

“இன்னும் முடியலடே. காலேஜ் பயலுவள ஒவ்வொரு டீமும் பேரு சொல்லிக் கூப்பிடுகு. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கி.”

“பெடியனுக்கு அந்த டீம் பிடிக்காட்டி?”

“கூப்பிட்ட எடத்துக்குப் போணும். நமக்கு விசா தாற கஃபீல் மாதிரி.”

“ஒருத்தரும் கூப்பிடாட்டி?”

நாகர்கோவில்காரர் போனை அணைத்துப் பையில் போட்டார்.

“நம்ம கம்பெனிய வாங்குனவன் இன்னைக்குத்தானே பேரு வாசிக்கான்?”

“ஓம். டியூட்டி முடிய. பேர் இல்லாதவைக்கு விசா கேன்சலாம்.”

இறங்கும்போது நாகர்கோவில்காரர் மெல்லச் சொன்னார்:

“எந்தப் பாழாப்போன சைட்டுன்னாலும் சரிடே. கூப்பிட்டாப் போதும்.”