நல்ல தண்ணீருக்குச் சாட்சி

அக்கா: ...அந்தத் தொட்டியை ஏன்டா துண்டு போட்டு மூடி வெச்சிருக்க?

தம்பி: எந்தத் தொட்டி?

அக்கா: மீன் கடையில துண்டு போட்டு மூடின தொட்டி எத்தனைடா இருக்கும்? அதோ, மூலையில. சுத்தி தரையெல்லாம் வேற ஈரம்.

தம்பி: அதுவா... அதுங்களுக்குச் சரியா தூக்கம் இல்லக்கா. வெளிச்சம் ஆகலை.

அக்கா: மீனுக்குக் கண்ணு மூட இமையே கிடையாதுன்னு நீதானே சொல்லுவ?

தம்பி: அதான்க்கா துண்டு! நீ முதல்ல உட்காரு. மூஞ்சியெல்லாம் வாடிப் போயிருக்கு. ஜூஸ் குடிக்கிறியா? உன் கம்பெனி ஜூஸ்தான்.

அக்கா: என் கம்பெனி இல்ல. நான் அவங்களுக்கு மார்க் போட வந்தவ. தண்ணி குடு, போதும்.

தம்பி: அந்த மார்க் என்னன்னு இன்னொரு தடவை சொல்லேன். எனக்கு எப்பவும் பாதிதான் புரியுது.

அக்கா: பேச்சை மாத்தற. சரி, கேளு. ஜூஸ் கம்பெனின்னா ஜூஸ் நல்லா இருந்தா மட்டும் பத்தாது. தண்ணியை எங்க எடுக்கறான், அழுக்குத் தண்ணியை எங்க விடறான், காலி பாட்டில் என்ன ஆகுது, வேலை செய்யறவங்களை எப்படி வெச்சிருக்கான்... எல்லாத்தையும் பார்த்து நூத்துக்கு இவ்வளவுன்னு போடணும். தேறிட்டான்னா பாட்டில்ல ஒரு பச்சை இலை படம் போட்டுக்கலாம்.

தம்பி: ஒரு இலைக்கா இந்தப் பாடு?

அக்கா: அந்த இலையைப் பார்த்துட்டு நாலு பேரு நம்பி வாங்கறாங்களே. இன்னிக்குக் காலையில வேலைக்காரங்களை வரிசையா நிறுத்திட்டான் மேனேஜர். "இங்க உங்களை எப்படி..."ன்னுதான் ஆரம்பிச்சேன். முடிக்கவே இல்ல. அத்தனை பேரும் ஒரே குரல்ல, "குடும்பம் மாதிரி மேடம்!"

தம்பி: நல்லதுதானே?

அக்கா: கடைசியில நின்ன அம்மா மட்டும் என் காதுகிட்ட வந்து, "என் மாமியார் குடும்பம் மாதிரி"ன்னாங்க.

தம்பி: ஐயையோ!

அக்கா: அப்புறம் மரம் காட்டினான். போன வருஷம் நட்டதாம். சும்மா புடிச்சுப் பார்த்தேன், பிளாஸ்டிக் தொட்டியோட கையில வந்துடுச்சு. கடைசியாத்தான்... மீன் குளம்.

தம்பி: இந்தா... நீ கேட்ட தண்ணி.

அக்கா: என்னடா, குரல் இறங்கிடுச்சு?

தம்பி: தொண்டை கட்டியிருக்குக்கா.

அக்கா: இப்பவரைக்கும் நல்லாத்தானே பேசின? "எங்க அழுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்ணி, அதுலதான் மேடம் இந்தக் குளத்தை நிரப்பறோம், மீன் எப்படித் துள்ளுது பாருங்க"ன்னான். ரெண்டு வருஷமா அதையேதான் சொல்றான். நானும் அந்தக் குளத்துத் தண்ணியை ஒரு பாட்டில் மொண்டு சோதிச்சு, முழு மார்க் போட்டுட்டுப் போயிட்டேன். ஆனா ஒரு சந்தேகம். போன வருஷம் விரல் நீளத்துல சிவப்பு மீன். இப்ப முழங்கை நீளத்துல வெள்ளை மீன்.

தம்பி: வளரும்ல?

அக்கா: வளரட்டும். நிறம்?

தம்பி: வயசானா மீனுக்கும் நரைக்கும்க்கா.

அக்கா: நரைக்கும்...

தம்பி: ஒண்ணு ரெண்டுக்கு.

அக்கா: வாசல்ல வேன்ல பீப்பாய் பீப்பாயா நிக்குதே, அதெல்லாம் எதுக்கு?

தம்பி: காத்து வாங்கட்டும்னு வெச்சேன்.

அக்கா: உன் செல்ல மீனு, அந்தச் சேர்மன், எப்படிடா செத்தான்?

தம்பி: அவனைப் பத்திப் பேசாத. சொல்லிட்டேன்.

அக்கா: போன்ல அப்படி அழுதியே. நான் யாரோ மனுஷன்னு நினைச்சு மாத்துப் புடவையோட கிளம்பிட்டேன்.

தம்பி: மனுஷனை விட மேல் அவன். என் கையில வந்து சாப்பிடுவான். நான் கடையைத் திறந்தா அந்தப் பக்கத்துலருந்து ஓடி வருவான். வெளிய போயிட்டு வந்த அன்னிக்கே பாவி மல்லாந்துட்டான்...

அக்கா: மீன் வெளிய போச்சா?

தம்பி: நான்! நான் வெளிய போயிட்டு வந்த அன்னிக்கு!

அக்கா: நீ எங்கடா போன? நான் புது வீட்டுக்குக் குடி போனப்போகூட, மீனுக்குத் தீனி போடணும்னு வராதவன்தானே நீ? சேர்மன் செத்தது நான் முதல் தடவை இங்க மார்க் போட வர்றதுக்கு முந்தின வாரம். அந்தக் குளத்துல அவங்க தண்ணியையே ஊத்தி, முதல்ல அவனைத்தான் விட்டுப் பார்த்திருக்கீங்க. அன்னியிலருந்து மீனோட தண்ணியும் உன் கடையிலருந்துதான் போகுது. சரியா?

தம்பி: நான் ஒண்ணும் சொல்லலை.

அக்கா: இந்தக் கடை யார் இடம்?

தம்பி: உனக்குத்தான் தெரியுமே... அந்த மேனேஜர் இடம்.

அக்கா: காலி பண்ணுன்னு அவன் சொன்னா?

தம்பி: இத்தனை தொட்டியைத் தூக்கிக்கிட்டு நான் எங்கக்கா போவேன்? பயமா இருக்கு. நிஜமாவே பயமா இருக்கு. வேற பேசு.

அக்கா: வேற பேசறேன். குளத்தங்கரையில நின்னு மேனேஜர் பேசறான், பேசறான், முடிக்கவே மாட்டேங்கறான். எனக்குக் கொட்டாவி வருது. குளத்துச் சுவத்துல விரலால சும்மா தட்டினேன். டக்... டக்டக்... டக்.

தம்பி: நீ சுவரைக் கண்டா தட்டாம இருக்க மாட்டியே.

அக்கா: என்ன தட்டுன்னு தெரியுதா?

தம்பி: தெரியாம? சின்ன வயசுல நான் பாத்ரூம்ல போய் உட்கார்ந்தா வெளிய நின்னு தட்டுவியே. அவசரத் தட்டு.

அக்கா: அதேதான். நான் தட்டினதும் குளத்துல இருந்த அத்தனை மீனும் சட்டுனு திரும்புச்சு. என் கைக்குக் கீழ வந்து வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது! மேனேஜருக்குப் பூரிப்பு தாங்கலை. "பாருங்க மேடம், இயற்கையே உங்களை வரவேற்குது!"

தம்பி: அறிவான மனுஷன்.

அக்கா: உலகத்துலேயே அந்தத் தட்டு தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான்டா. ஒருத்தி குளத்தங்கரையில நிக்கறா. இன்னொருத்தன்... இரு, அந்தத் தொட்டியைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கறேன்.

தம்பி: வேண்டாம்க்கா, தூங்குதுங்க!

அக்கா: டக்... டக்டக்... டக்.

தம்பி: போச்சு. துண்டு நனைஞ்சு போச்சு.

அக்கா: தூக்கம் இல்லாத மீனா இதெல்லாம்? பரீட்சையில ஆள் மாறாட்டம் பண்ணிட்டு வந்த களைப்பு!

தம்பி: நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை.

அக்கா: நீ சொல்ல வேண்டாம். அந்த நிமிஷமே மேனேஜர்கிட்ட சொன்னேன், "குளம் போதும், குளத்துக்குத் தண்ணி வர்ற குழாயைத் திறங்க"ன்னு. சாவி இல்லன்னான். சாவி வெச்சிருக்கறவர் லீவுன்னான். சாவி வர்றவரைக்கும் உட்கார்ந்திருக்கேன்னு நாற்காலியைப் போட்டேன். வந்துடுச்சு.

தம்பி: திறந்தாங்களா?

அக்கா: திறந்தாங்க. நுரையும் நாத்தமும்... மூக்கைப் பொத்திக்கிட்டேன். அதுதான்டா பின்னாடி தெரு வாய்க்கால்ல ஓடுது. வாசலுக்கு வாசல் குழந்தைங்க அதுல காலை விட்டுக்கிட்டு விளையாடுதுங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது.

தம்பி: இப்ப... என்ன பண்ணப் போற?

அக்கா: பண்ணியாச்சு. தண்ணிக்கு முட்டை போட்டு அனுப்பிட்டுத்தான் இங்க வந்தேன். இலையும் கிடையாது, காம்பும் கிடையாது. வாய்க்காலைச் சரி பண்ணினாத்தான் அடுத்த பேச்சு.

தம்பி: மீனைப் பத்தி... ஏதாவது எழுதினியா?

அக்கா: ஒரு எழுத்து இல்ல. குழாய்த் தண்ணி போதும் எனக்கு. மேனேஜர்கிட்ட மீன் ரொம்ப அழகுன்னு சொல்லிட்டு வந்தேன். உன் மேல அவனுக்கு ஒரு துளி சந்தேகம் வராது.

தம்பி: அப்பாடா... பின்ன ஏன்க்கா என்னை இவ்வளவு நேரம் வறுத்து எடுத்த?

அக்கா: நீயா சொல்லுவியான்னு பார்த்தேன். தூக்கம், நரை, காத்து வாங்கறது... எல்லாம் வருது, உண்மை மட்டும் வரலை. கூடப் பிறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா? மனசுக்குக் கஷ்டமா இருக்கு எனக்கு.

தம்பி: அக்கா...

அக்கா: தட்டினா ஓடி வர்ற மாதிரி மீனைப் பழக்க எவ்வளவு நாள் ஆகும்?

தம்பி: ஆகும்... போன வருஷம் நீ ஊருக்குக் கிளம்பினதும் ஆரம்பிச்சேன். தினமும் தட்டணும், தட்டினதும் தீனி போடணும்.

அக்கா: மக்கு! கடையில இவ்வளவு மீன் கிடக்கு. மாட்டி விடற மீனையா பார்த்து அங்க அனுப்புவ?

தம்பி: உன்கிட்ட வாயைத் திறக்க மாட்டேன்னு அந்த மேனேஜருக்குச் சத்தியம் பண்ணினது நான்தானே அக்கா... மீன் பண்ணலையே.